ஏழு கல், ஏழு சக்கரம்: சித்தர் வழி அல்ல

“ஏழு சக்கரத்துக்கு ஏழு கல் என்பது சித்தர் மருத்துவம், காட்பாடியில் வாங்கி அணிந்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. (சக்கரம் என்பது உடலில் இருப்பதாக யோக மரபு சொல்லும் ஆற்றல் மையம்.) சித்த மருத்துவத்தில் முத்தையும் பவளத்தையும் புடமிட்டு, அதாவது நெருப்பில் எரித்து, பற்பம் என்னும் பொடியாக்கி உள்ளுக்குக் கொடுப்பார்கள்; அது வேறு முறை. சக்கரங்களுக்கு வானவில் நிறங்களைப் பொருத்தியவர்கள் 20ஆம் நூற்றாண்டு மேற்கத்திய எழுத்தாளர்கள். நிறத்துக்கொரு கல் என்பது 1970, 80களில் அமெரிக்காவின் ‘நியூ ஏஜ்’ என்ற ஆன்மிக இயக்கத்தில் பரவியது. கல்லைப் பற்றிய நம்பிக்கை மிகப் பழையது, உண்மைதான்; ஆனால் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) போதையைத் தடுக்கும் என்பதை முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி பொய் என்று எழுதிவிட்டார். கல் அணிவது உங்கள் விருப்பம். நாடெங்கிலுமிருந்து சிகிச்சைக்கு வருகிற வேலூரில் இருந்துகொண்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஐயா.