பள்ளிக்கூடத் தெருவில் ஒரு வாடகை வீடு

நண்பர் ஒருவர் தாம்பரம் பக்கம் வீடு தேடுகிறார். மகனுக்கு வரும் ஜூனில் எல்.கே.ஜி. "நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் தெருவாகப் பார்த்துச் சொல்லுங்கள், வாடகை இரண்டாயிரம் மூவாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை" என்று நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தார். 2018-இல் நானும் ஒரு தரகரிடம் இதையேதான் சொன்னேன். நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன்.

தரகர் காட்டிய வீடு இரண்டாம் மாடி. மொட்டை மாடியில் நின்றால் வட்டாரத்திலேயே பேர்பெற்ற பள்ளியின் மைதானம் தெரியும். அடுத்த தெருவைவிட மூவாயிரம் அதிகம். "பள்ளிக்கூடத் தெரு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். நியாயமாகத்தான் பட்டது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மகளைத் தோளில் தூக்கி, "அதோ பார், உன் ஸ்கூல்" என்று காட்டினேன்.

சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அலுவலகத்தில் போய், எதிர் வீட்டில்தானே குடியிருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்தவர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எதிர் வீடு, பக்கத்து வீடு என்றெல்லாம் தனிப் பட்டியல் கிடையாது சார்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறே இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடமிருந்து நாம் ஒரு கணக்கைக் கடன் வாங்கியிருக்கிறோம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் பிள்ளைக்கு எந்த அரசுப் பள்ளி என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீட்டு விலையும் ஏறிக்கொள்கிறது. இங்கே விலை மட்டும் ஏறுகிறது, இடம் கிடைப்பதில்லை. தனியார் பள்ளியில் முகவரிக்குச் சட்டப்படி மதிப்பு உண்டென்றால், அது கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களில்தான். தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நலிந்த பிரிவு என்று விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். 2025-இல் மத்திய அரசின் நிதி வராமல் அந்தச் சேர்க்கையும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மற்றவர்களுக்குப் பள்ளிக்கு எதிரில் வீடு என்பது வெறும் காட்சிதான். முகவரியைப் பார்த்து, மறுக்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுதான். வீடு தேடும்போது நம்மில் யாரும் அதன் கதவைக்கூடத் தள்ளிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

மகளை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளியில் சேர்த்தோம். காலை 7.10-க்கு வேன். எதிர்ப் பள்ளியின் கதவு திறப்பதற்கு முன்பே அவள் கிளம்பிவிடுவாள். ஆறு பேர் உட்காரும் வேனில் குறுக்கே பலகை போட்டுப் பதினொரு பிள்ளைகள். 2012-இல் இதே தாம்பரம் வட்டாரத்தில்தான் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். அந்தச் செய்தியைப் படித்து அன்றைக்குக் கொதித்தவன்தான் நான். ஆறு வருடம் கழித்து என் மகளை அந்தப் பலகையில் உட்காரவைத்துக் கையசைத்தேன்.

கொரோனாவில் எல்லாம் நின்றது. 2021 நவம்பரில் சிறு வகுப்புகள் திறந்து, வேன் மறுபடி வந்து ஹாரன் அடித்தபோது மகள் படுக்கையைவிட்டு எழுந்திருக்க மறுத்தாள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து, "ஏன் மாப்பிள்ளை, இந்தத் தெருப் பிள்ளைகள் நாலைந்து எட்டரைக்குச் சாவகாசமாக நடந்து போகிறதே, அது எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் அதே தெருவில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

அது ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பெயின்ட் உதிர்ந்த சுவர், நடுவில் ஒரு வேப்ப மரம், பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் கொடுப்பதால், எங்கள் மாத வேன் கட்டணத்தில் பாதிகூட அங்கே வருடம் முழுவதற்கும் ஆகவில்லை. ஆங்கிலம் என்னாகும் என்று மனைவி இரண்டு மாதம் யோசித்தாள். 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். இப்போது ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து நாங்களும் சொல்லிக்கொடுக்கிறோம். அரசுப் பள்ளியில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பது நான் வெளியே சொல்லும் காரணம். என் துணிச்சல் அவ்வளவுதான் என்பது உண்மைக் காரணம்.

நடந்து போகத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு ஊர் என்று ஒன்று உண்டானது. மாவு மில்காரர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எந்த வீட்டு நாய் கடிக்கும், மழை பெய்தால் எந்த மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிநேகிதிகள் எல்லாரும் இரண்டு தெருவுக்குள். பிறந்த நாள் என்றால் ஆட்டோ தேட வேண்டியதில்லை. வேனில் போன நாட்களில் ஜன்னலுக்கு வெளியே ஓடிய தெருக்கள்தாம் இவை.

வரைபடத்தையும் நம்பிவிடாதீர்கள். சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஊர்கள் பலவற்றைத் தண்டவாளம் இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது. கைப்பேசி ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் பள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால், மேம்பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகலாம். அந்தப் பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு முடிந்தால் ஆறாம் வருடம் மறுபடி தரகரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

நண்பருக்குக் கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் மூன்றாவது வீடு காலியாக இருக்கிறது, பலகை தொங்குகிறது. எல்லாரையும்போல ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்காதீர்கள். அன்றைக்கு இந்தத் தெரு சொர்க்கம்போல இருக்கும். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு வாருங்கள். வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுங்கள், உள்ளே நுழைய முடியாது.