தேதி பார்க்கத் தெரியாதவன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேங்காக்கில் வேலை பார்க்கும் நம் வாட்ஸப் குழுவில், விசா கெடு தாண்டித் தங்கியதற்காக அபராதம் கட்டிய அந்தத் தம்பியை வைத்து நடக்கும் கும்மியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்க வேண்டாம் என்றிருந்தேன். நேற்று இரவு ஓர் அண்ணன், குழுவிலேயே மூத்தவர், "எம்.பி.ஏ. படிச்சிருக்கான், பாஸ்போர்ட்ல தேதி பார்க்கத் தெரியல" என்று எழுதி நான்கு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அதற்குக் கீழே இருபத்தேழு பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் ஏழெட்டுப் பேர் பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

அண்ணே, அவனுக்குத் தேதி பார்க்கத் தெரியும். தேதி அவன் கையில் இல்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம். தாய்லாந்தில் வேலைக்கு வருகிறவன் நான்-பி விசாவில் வருகிறான். பிசினஸ் விசா என்று சொல்வார்களே, அது. இறங்கியதும் 90 நாள். அதற்குள் ஒர்க் பெர்மிட் வாங்கி, குடிவரவு அலுவலகத்தில் ஒரு வருட நீட்டிப்பு வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே திருவிழா. கட்டணம் 1,900 பாட். "அவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். கட்டணம் அவ்வளவுதான். கட்டுதான் பெரிது. கம்பெனிப் பதிவுப் பத்திரம், பங்குதாரர் பட்டியல், வாட் கணக்கு, ஊழியர்களுக்குப் பிடித்த வரி, சமூகப் பாதுகாப்பு நிதி கட்டிய ரசீது என்று வரிசையாகப் போகும். ஒரு வெளிநாட்டவனுக்கு நான்கு தாய்லாந்து ஊழியர் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேறு. ஒவ்வொரு தாளிலும் இயக்குநர் கையெழுத்து, கம்பெனி முத்திரை. போதாததற்கு நான் என் மேசையில் உட்கார்ந்து சக ஊழியர்களோடு வேலை பார்ப்பது மாதிரி புகைப்படம். பதினோரு வருடமாக அந்தப் புகைப்படத்துக்கு ஒரே நீலச் சட்டைதான். அதே காலெண்டர் பின்னால் இருக்கிறது, புத்த ஆண்டு மட்டும் மாறுகிறது.

இத்தனையில் என் பங்கு என்ன? பாஸ்போர்ட், நாலுக்கு ஆறு சென்டிமீட்டரில் ஒரு போட்டோ, என் கையெழுத்து. மீதி எல்லாம் கம்பெனி கொடுக்க வேண்டியது. கொடுக்காவிட்டால் அபராதம் யாருக்கு? எனக்கு. கெடு தாண்டினான் என்ற முத்திரை யார் பாஸ்போர்ட்டில்? என் பாஸ்போர்ட்டில். சிரிப்புப் பொம்மை யாருக்கு? அதுவும் எனக்கே.

அந்தத் தம்பி ஒரு மாதத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். எச்.ஆர். அதை விசா வேலை பார்க்கும் ஏஜெண்டிடம் கொடுத்தது. மூன்று தடவை கேட்டிருக்கிறான், மூன்று தடவையும் "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அது நிஜமான ஒரு முத்திரையின் பெயர். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, முடிவு வரும்வரை 30 நாள் தங்கச் சொல்லி அடித்துத் தருவார்கள். அந்த முத்திரை விழுந்துவிட்டது என்று நம்பினான். கடைசியில் பார்த்தால் ஃபைல் ஏஜெண்ட் மேசையை விட்டே நகரவில்லை. வாட் ரசீது ஒன்று கம்பெனியிலிருந்து வரவில்லையாம். பாஸ்போர்ட் அவன் கைக்கு வந்தபோது கெடு முடிந்து ஒன்பது நாள். நாளுக்கு 500 பாட் வீதம் 4,500 பாட்டை அவனே விமான நிலையத்தில் கட்டிவிட்டு ஊருக்குப் போனான். கம்பெனி கட்டவில்லை. ஏஜெண்டும் கட்டவில்லை.

அந்த ஒன்பது நாளும் அவன் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் வேலைக்குப் போய் வந்திருக்கிறான். தானாக விமான நிலையத்துக்குப் போனதால் வெறும் அபராதத்தோடு தப்பித்தான். நடுவழியில் போலீஸ் நிறுத்திப் பிடித்திருந்தால் ஓவர்ஸ்டே, அதாவது கெடு தாண்டித் தங்கியது, ஒரு நாளாக இருந்தாலும் ஐந்து வருடம் இந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. 2016 மார்ச்சிலிருந்து அதுதான் சட்டம். சிரித்த இருபத்தேழு பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"கண்டிப்பாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதுதானே?" என்று ஒருவர் தனியாக எனக்கு அனுப்பியிருந்தார். யாரிடம் சார் கண்டிப்பு? இங்கே வேலை போனால் விசாவும் அன்றைக்கே போகிறது. மிஞ்சிப் போனால் இன்னொரு 1,900 பாட் கட்டி ஏழு நாள் கேட்கலாம். ஏழு நாளில் வீட்டைக் காலி செய்து, முன்பணத்துக்காக வீட்டுக்காரரிடம் கெஞ்சி, பெட்டி கட்ட வேண்டும். எனக்கு மனைவியும் மகளும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்கள். என்னுடையது அறுந்தால் மூன்றும் அறும். அந்த நிலையில் எச்.ஆர். பெண்ணின் மேசைக்கு முன்னால் நின்று நீங்கள் கண்டிப்புக் காட்டுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

சரி, என் கதையைச் சொல்கிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை.

2016 ஏப்ரல். என் நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருந்தது. 12ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு ஊரிலிருந்து என் சொந்தத் தம்பி கூப்பிட்டான், அப்பாவுக்கு முடியவில்லை என்று. உடனே ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் சொங்க்ரான், தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தாய்லாந்துப் புத்தாண்டு. 13, 14, 15 விடுமுறை, அதோடு சனி, ஞாயிறு. ஐந்து நாள். 13ஆம் தேதி பகலில் ஒரே ஒரு தடவை எடுத்தார். பின்னால் பாட்டும் கூச்சலும். ஊருக்குப் போயிருக்கிறாராம், அலுவலகச் சாவி அவரிடம், திங்கட்கிழமை வந்து தருகிறேன் என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். சித்திரை ஒன்று அன்று விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

வீட்டுக்குள் இருக்க முடியாமல் சிலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். நம் ஆட்கள் கட்டிய கோயில், அங்கே போனால் நாலு பேர் தமிழில் பேசுவார்கள் என்று. சொங்க்ரான் அன்று சிலோம் சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நனையாமல் ஒருவன் கடக்க முடியாது. நாலைந்து வயசுப் பெண் குழந்தை ஒன்று ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் வெள்ளை மாவைக் குழைத்துப் பூசிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. நானும் கும்பிட்டேன். கொள்ளியை என் தம்பி வைத்தான். நான் பதினாறாம் நாளுக்குத்தான் போனேன்.

"தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கியிருக்கலாமே?" என்று இப்போது ஒருவர் கேட்பார். வாங்க முடிந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. பத்து வருடமாக நானே என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது, நீங்களும் கேட்டுவிட்டுப் போங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிட வேண்டியதுதானே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் நீங்கள் கட்டுகிறீர்களா? சொல்லிவிட்டேனே, பதில் இல்லை என்று.

தாய்லாந்தைத் திட்டுகிறேன் என்று யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். சேங் வத்தனா பி கட்டடத்துக் குடிவரவு அதிகாரிகளை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஒரு தாளில் கையெழுத்து விட்டுப்போய், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தொடங்கிய பிறகும் அந்த அம்மா எனக்காகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். தன் பேனாவையே கொடுத்தார். வெளிநாட்டவன் யார், எங்கே இருக்கிறான் என்று ஒரு நாடு கேட்பதில் என்ன தப்பு? நம் நாட்டில் வெளிநாட்டவர் படும் பாடு தெரியாதா என்பார்கள். தெரியும். அதுவும் உண்மைதான்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்தும். நீட்டிப்பு வேண்டுமென்றால் குறைந்தது இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர், ஜப்பானியர் என்றால் மாதம் 50,000 பாட். சிங்கப்பூர், மலேசியா 45,000. இந்தியா 35,000. என் பழைய கம்பெனியில் பக்கத்து நாற்காலியில் மலேசியாவின் ஈப்போக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ், இரண்டு பேரும் பார்த்தது ஒரே எக்செல் ஷீட். கம்பெனி இரண்டு பேருக்கும் குறைந்தபட்சத்தை மட்டும் துல்லியமாகக் கொடுத்தது. பத்தாயிரம் பாட் வித்தியாசம். அவர் தாத்தா கப்பல் ஏறினார், என் தாத்தா ஏறவில்லை, அதற்கான அபராதம் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். அவர் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

எங்கேயோ போய்விட்டேன். அந்தத் தம்பி விஷயம்.

நம்மைப் பார்த்து ஊரில் சிரிப்பது பழகிவிட்டது. "பேங்காக்கா? ம்ம், மஜாதான்" என்று கண்ணடிக்காத சித்தப்பா உண்டா? 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் வரை விசா தேவையில்லை என்று ஆனதிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "அதான் ஃப்ரீ ஆயிடுச்சே, அப்புறம் என்ன எக்ஸ்டென்ஷன் அது இதுன்னு?" அது சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு, மாமா. அதில் வந்து வேலை பார்த்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். அவர்களுக்குத் தெரியாது, விடலாம். குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு மாதம் அதே பி கட்டடத்து வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போய்த் திரும்ப நுழைவதற்கான ரீ-என்ட்ரி அனுமதி எடுத்தோமா, முகவரி சொல்லும் 90 நாள் ரிப்போர்ட் போட்டோமா, நாம் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் டிஎம் 30 படிவத்தில் பதிந்தாரா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அந்த அண்ணன் உட்பட. 2019இல் அவர் ரீ-என்ட்ரி எடுக்காமல் ஊருக்குப் போய், சென்னையில் விசாவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததை நான் குழுவில் போடவில்லை. இப்போது போட்டுவிட்டேன், மன்னிக்கவும் அண்ணே, கோபம்.

அந்தத் தம்பியின் அம்மா இன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். யாரோ அந்தக் குழுவிலிருந்து அவருக்கு அந்த வரியை அனுப்பியிருக்கிறார்கள். "என் புள்ள என்னப்பா தப்பு பண்ணான், நீங்க பக்கத்துலதான இருக்கீங்க" என்றார். விசா விதி எல்லாம் அவருக்கு விளக்க முடியவில்லை. தேதி அவன் கையில் இல்லைம்மா என்று மட்டும் சொன்னேன். என்ன புரிந்துகொண்டாரோ, "ஆமாப்பா, எல்லாம் மேல இருக்கவன் கையில" என்றார்.

கீழே வழக்கம்போல "நல்ல ஏஜெண்ட் நம்பர் இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்க ப்ரோ" என்று போடப்போகிறவர்களுக்கு: என்னிடம் இல்லை. 2016இலேயே அழித்துவிட்டேன்.