மீனுண்ணி என்பது மீனில் ஒட்டும் உண்ணி அல்ல

“தேரூர் குளத்தில் மீனுண்ணி அதிகம், மீனை வாங்காதீங்க” என்று நாகர்கோவில் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

குழப்பம் சொல்லில் இருக்கிறது. மாட்டுண்ணி மாட்டில் ஒட்டி ரத்தம் குடிப்பது. மீனுண்ணியோ மீனை உண்பது. ஊனுண்ணி, தாவரவுண்ணி மாதிரி. முக்கிய உணவு மீனாக இருந்தால் பறவை, நீர்நாய், சுறா எதையும் அப்படிச் சொல்லலாம்.

தேரூரில் பாறைமேல் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் அசல் மீனுண்ணி. முங்கி எழும்போது அலகில் மீன் துடிக்கும். வெண்மார்பு மீன்கொத்தியோ, பெயர்தான் அப்படி. வெட்டுக்கிளி, ஓணான், நண்டு என்று கிடைத்ததைத் தின்னும்.

மீனின் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணியும் உண்டுதான். மீன் பேன் அதில் ஒரு வகை. நீர்க்காகம் நிறைய வந்தால் குளத்தில் மீன் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.