காந்தக் காப்பு மூட்டுவாதத்தை மாற்றுமா?

“காந்தக் காப்பு குருதியிலுள்ள இரும்பை இழுத்து இரத்தோட்டத்தைக் கூட்டும், வயதான பெண்களின் முழங்கால் வாதம் மாத்திரையின்றியே மாறிவிடும்” என்னும் செய்தி மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கைபேசி வழியாகப் பரவிவருகிறது. இது உண்மையன்று.

குருதியிலுள்ள இரும்பு, ஆணியிலுள்ளதைப் போலத் தனி உலோகமாக இருப்பதில்லை. சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்தோடு பிணைந்திருப்பதால் காந்தம் அதை இழுத்துச் சேர்ப்பதில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 டெஸ்லா அளவிலான வலிமைமிக்க காந்தப்புலத்துக்குள் படுத்திருப்பவரின் குருதியே ஒரு பக்கம் ஒதுங்காதபோது, மணிக்கட்டில் கிடக்கும் சிறு காந்தம் முழங்காலில் என்ன செய்துவிடும்?

பிரித்தானிய மருத்துவ இதழில் 2004இல் வெளியான, 194 பேரைக் கொண்ட ஆய்வைச் சிலர் சான்று காட்டலாம். அதில் வலி ஓரளவு குறைந்தது உண்மையே. ஆனால் அது காந்தத்தின் விளைவா, நம்பிக்கையின் விளைவா என்பது உறுதியில்லை என ஆய்வாளர்களே எழுதினர். யோர்க் பல்கலைக்கழகத்தினர் முடக்குவாதம் (உடலின் நோயெதிர்ப்பே மூட்டுகளைத் தாக்கும் வாதம்) உள்ள 70 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலோ, காந்தப் பட்டி போலிப் பட்டியை விஞ்சவில்லை.

காப்பு அணிவதால் பெரும்பாலானோருக்குக் கெடுதி பணச்செலவு மட்டுமே. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து, ஏனெனில் முடக்குவாதத்தில் சிகிச்சை தடைப்பட்டால் மூட்டுகள் மீளாத அளவுக்குச் சிதையக்கூடும். மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதால் வரும் தேய்மான வாதத்துக்குத் தொடைத்தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்பயிற்சியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவுகளில் கட்டணமின்றிக் கற்கலாம்.