அருள்நூலின் முன் அறிவு வாய்மூட வேண்டுமா?

சென்ற வாரம் சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றில், "உலகம் எப்போதுமே இப்படியே இருந்திருக்கக் கூடாதா, அதற்கு ஏன் ஒருவன் வேண்டும்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "இறைவன் அருளிய நெறியில் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது" என்று மூத்தவர் ஒருவர் அவரை உட்கார வைத்துவிட்டார். அப்போது எங்கள் கையில் விரிந்திருந்தது, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான, மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் முதல் நூற்பா என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

அந்த நூற்பா "ஆகமம் சொல்கிறது, நம்பு" என்று தொடங்கவில்லை. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதைக் காட்டி, அவ்வாறு ஒடுக்குபவன் ஒருவனே அதற்கு முதல் என்று கருதல் அளவையால், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறியும் முறையால், நிறுவுகிறது. 12 நூற்பாக்களின் பொருளையும் மெய்கண்டார் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பகுத்தே விளக்குகிறார். ஏது கேட்பதே குற்றமென்றால் இத்தனை ஏதுக்களை அவர் யாருக்காக எழுதினார்? இளைஞரின் கேள்வியும் புதிதன்று; வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மீமாம்சகர் என்ற தத்துவப் பிரிவினரே எழுப்பிய கேள்விதான் அது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியாரோ, காட்சி (புலன்களால் நேரே அறிவது) ஒன்றே போதும் என்ற பொருள்முதல்வாதியான உலகாயதனை முதலில் முழுதாகப் பேசவிட்டு, அதன் பிறகே மறுக்கிறார்.

அப்படியானால் அருள்வாக்கு எதற்கு என்று கேட்கலாம். காண்டல், கருதல், உரை (அறிந்தவர் சொல்) என்ற மூன்று அறியும் வழிகளில் உரைக்கு உரிய இடத்தை நான் குறைக்கவில்லை. புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று கருதி அறியலாம். ஆனால் காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாததை, அறிந்தவர் சொல்லித்தான் அறிய முடியும். அந்தச் சொல்லை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு தருக்க நூலான நியாய சூத்திரம் மருத்துவ நூலை உவமை காட்டுகிறது: சோதித்துப் பார்க்கக்கூடிய இடத்தில் மருந்து பலித்ததால், சொன்னவரை நம்புகிறோம், அந்த நம்பிக்கையே சோதிக்க முடியாத இடத்துக்கும் நீள்கிறது. "இறைவன் சொன்னதால் நூல் மெய், நூல் சொல்வதால் இறைவன் உண்டு" என்று மட்டும் நின்றால், ஒன்றையொன்று பற்றி நிற்கும் குற்றத்திலிருந்து தப்ப வழியில்லை.

சுருதிக்கே, அதாவது வேதத்துக்கே, முதலிடம் தந்த சங்கரரும், நூறு சுருதிகள் சேர்ந்து நெருப்பு குளிர்ந்தது என்று சொன்னாலும் அது பிரமாணம் (ஏற்கத்தக்க சான்று) ஆகாது என்று தம் கீதை உரையில் எழுதினார். சுருதிக்கு அதிகாரம் உள்ள எல்லை எது என்று வகுப்பதும் அறிவின் வேலைதான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

அடுத்த வகுப்பில் அந்த இளைஞரின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.