புளியைக் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்கணும்

"உங்களுக்கு எதுக்குக்கா இந்தச் சிரமம்? லிஸ்டை வாட்ஸ்அப்ல போடுங்க, பையன் கொண்டு வந்து கொடுத்துடுவான்."

போன வாரம் தருமபுரியில் ஒரு மளிகைக் கடை வாசலில், வண்டியில் உட்கார்ந்தபடி கேட்ட வார்த்தை இது. சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றரை வயதில் போலியோ. வலது காலில் கேலிப்பர் என்கிற தாங்கு கருவி, இரண்டு கையிலும் ஊன்றுகோல். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுவேன். வண்டி என்னைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் இருக்கிற தூரம்தான் பாடு.

நம்ம ஊர்க் கடைவீதியைப் பாருங்கள். ரோடு, சாக்கடை, சாக்கடை மேல் கல், அதற்கு மேல் இரண்டு படி, மூன்று படி. மழைத்தண்ணீர் உள்ளே வரக் கூடாதென்று உயர்த்திக் கட்டுகிறார்கள். ரோட்டு மேலேயே ரோடு போட்டு அது உயர்ந்தால், கடையை இன்னும் ஏற்றுகிறார்கள். காரணம் புரிகிறது. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வைத்தால் என்ன? வைப்பதில்லை, பளபளவென்று கிரானைட் மட்டும் பதிக்கிறார்கள். ஊன்றுகோல் அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்திருந்து, படியும் ஈரமாக இருந்தால் தீர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கையில் அடிபட்டால் எனக்கு நடையே நின்றுபோகும். அந்த ஆறு வாரமும் பாத்ரூமுக்குக்கூட அம்மா தோளைப் பிடித்துத்தான் போனேன்.

"அதான் சாய்தளம் இருக்கே" என்பார்கள். பல கடைகளில் அது மூட்டை வண்டி ஏற்றப் போட்டது. ஓர் அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்றடியில் முடித்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கிற என் தோழி சக்கர நாற்காலியில் போகிறவள். அதில் ஏறினால் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். எனக்கோ அவ்வளவு செங்குத்தான சாய்தளத்தைவிடக் கைப்பிடி உள்ள குட்டைப் படியே மேல். இதையெல்லாம் கட்டுவதற்கு முன்னால் எங்களில் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் இல்லையா?

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குள் வேறு மாதிரிக் கஷ்டம். சக்கர நாற்காலி போக மூன்றடி வழி வேண்டும். அங்கேதான் ஆஃபர் போட்ட எண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். என் இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்கும்போது கூடையை எந்தக் கையில் பிடிப்பது? தோளில் தொங்கும் பைதான் எனக்குக் கூடை. அதை வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கச் சொல்கிறார்கள். பில் போட இருபது நிமிஷம் வரிசையில் நிற்கவும் வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பார்வை இல்லை. ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியில் காட்டித் தெரிந்துகொள்வார். பிஸ்கட் பாக்கெட் மடிப்பில் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த காலாவதித் தேதிக்கு இன்னும் யாரையாவதுதான் கேட்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 46-ஆவது பிரிவு: சேவை தருகிறவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், விதிகள் வந்த இரண்டு வருஷத்துக்குள் எங்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். விதிகள் 2017-இல் வந்தன. கட்டட வரைபடம் இந்தத் தரத்தில் இல்லாவிட்டால் அனுமதியே கொடுக்கக் கூடாது என்கிறது 44-ஆவது பிரிவு. இந்தத் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புதிதாகத் திறக்கிற கடைக்கும் மூன்று படி எப்படி வருகிறது? வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. படுக்கையோடு இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். வேண்டியவர்களுக்கு வீட்டுக்கு வரட்டும். எனக்குக் கடைக்குப் போக வேண்டும்.

ஏனென்றால் புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்கிற வீடு எங்களுடையது. நிறம் பார்க்கணும், கிள்ளிப் பார்க்கணும், கொட்டையும் நாரும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கணும், நாக்கில் வைத்துப் பார்க்கணும். அம்மா கற்றுக்கொடுத்தது. ஒரு தடவை லிஸ்ட் போட்டு வாங்கினேன், பாதி நார்தான் வந்தது. பையன் மேல் தப்பில்லை. என் நாக்கு அவனிடம் எப்படி இருக்கும்?

வாரச் சந்தையில் எனக்கு இந்தத் தொல்லை குறைவு. தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள், படியே கிடையாது. வண்டியில் இருந்தபடியே பேரம் பேசுவேன்.

பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடைக்கார அக்கா தன் மாமியாருக்காகப் படி ஓரத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டு வைத்திருக்கிறார். வெல்டிங் கூலியோடு ஆயிரத்து ஐந்நூறு ஆனதாம். தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போட்டிருக்கிறார். முட்டிவலிக்காரப் பாட்டிகள் எல்லாரும் இப்போது அந்தக் குழாயைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள்.

நேற்று நானும் ஏறினேன். ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். மூன்றிலும் கிள்ளிப் பார்த்துவிட்டு, மூன்றாவதில் ஐந்து கிலோ வாங்கினேன்.