முன்னால் மூன்று பேர் வந்தாச்சு, நடுவில் யார்?

2025 ஆகஸ்டில், புது சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பு எழுதியது இது. ஸ்ட்ரைக்கர் ஷெஷ்கோ வந்ததிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் யாரும் தரையில் நிற்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று ஃபியோரெண்டினாவுடனான ஆட்டத்துக்கு முன்பு ஓல்ட் டிராஃபோர்டில் அவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அன்றிலிருந்து எங்கே திரும்பினாலும் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறேன். இந்தக் கோடையில் வாங்கிய மூன்று முன்கள வீரர்கள், கடந்த சீசனில் தங்கள் பழைய அணிகளுக்காக லீக் ஆட்டங்களில் அடித்தது: எம்பியூமோ 20 கோல், குன்யா 15, ஷெஷ்கோ ஜெர்மனியில் 13. மொத்தம் 48. யுனைடெட் அணி முழுவதும் சேர்ந்து பிரீமியர் லீக்கில் அடித்தது 44. மூன்று பேர் சேர்ந்தே ஒரு அணியைத் தாண்டிவிட்டார்கள், இனி என்ன கவலை என்கிறார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் கோல் அடித்தவர்களை மட்டும் கூட்டியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பந்து கொடுத்தவர்களைக் கூட்டவில்லை. என் கவலை முழுக்க அங்கேதான்.

2024-25 எப்படிப் போனது என்று ஒருமுறை நினைத்துக்கொள்வோம், வலித்தாலும் பரவாயில்லை. 38 ஆட்டத்தில் 18 தோல்வி, 42 புள்ளி, 15ஆவது இடம். 1974இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு மோசமாக முடித்ததில்லை. பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், லீக்கில் நம்மை விடக் கீழே கிடந்த டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்றோம். ஐரோப்பியப் போட்டிகளுக்குள் நுழைய இருந்த கடைசி வாசலும் அதோடு மூடியது. ஜனவரியில் பிரைட்டனிடம் சொந்த மைதானத்தில் 3-1 வாங்கிய அன்று, கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான அணி இதுவாகத்தான் இருக்கும் என்று பயிற்சியாளர் ரூபென் அமோரிமே வாய்விட்டுச் சொன்னார். அவரை அதற்காகத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அன்றுதான் அவர் மேல் மரியாதை வந்தது.

இதற்கெல்லாம் பழி யார் தலையில் விழுந்தது? ஸ்ட்ரைக்கர் ஹொய்லுண்ட் தலையில். 32 லீக் ஆட்டத்தில் 4 கோல். இன்னொரு முன்கள வீரர் சிர்க்ஸேவுக்கு 3. ஸ்ட்ரைக்கர் சரியில்லை, அதனால் கோல் இல்லை, கோல் இல்லாததால் தோல்வி. கேட்க எளிதாக இருக்கிறது. கோடையில் செலவழித்த பணமும் அந்தக் கதையை நம்பியே போயிருக்கிறது. குன்யாவுக்கு 62.5 மில்லியன் பவுண்ட், எம்பியூமோவுக்கு 65, ஷெஷ்கோவுக்கு 66.3. பிறகு தர வேண்டிய கூடுதல் தொகைகளையும் சேர்த்தால் 200 மில்லியனைத் தாண்டுகிறது. நடுக்களத்துக்கு இதை எழுதும் வரை ஒரு ஆள்கூட இல்லை.

ஹொய்லுண்ட் ஆடியதை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பையன் ஓடுவான், கையைத் தூக்குவான், பந்து பின்னால் டிஃபென்ஸுக்கே திரும்பிப் போகும். மறுபடி ஓடுவான், மறுபடி அதே கதை. அவர் பெரிய ஸ்ட்ரைக்கர் என்று வாதாட வரவில்லை. முதல் தொடுதல் பல நேரம் மோசம்தான். ஆனால் அவர் இடத்தில் யாரை நிறுத்தியிருந்தாலும் பாதி நேரம் வேடிக்கைதான் பார்த்திருப்பார்கள்.

2024 டிசம்பர் கடைசியிலிருந்து பத்து நாளில் நடந்த மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் முழுவதையும் புரட்ட வேண்டாம், இந்த மூன்றே போதும்.

டிசம்பர் 26, உல்வ்ஸ் மைதானம். இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி நம் கேப்டன் புரூனோ ஃபெர்னாண்டஸ் வெளியேறுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கார்னரிலிருந்து நேராக கோலுக்குள் வளைத்து அடிக்கிறார். அடித்தவர் குன்யா, இன்று நம் 10ஆம் நம்பர் சட்டை போட்டிருப்பவரேதான். 2-0 தோல்வி.

டிசம்பர் 30, ஓல்ட் டிராஃபோர்ட், நியூகாசில். புரூனோவுக்குத் தடை, நடுக்கள வீரர் உகார்டேவுக்கும் தடை. நடுவில் கசெமிரோவும் எரிக்சனும். எதிரில் டொனாலி, புரூனோ கிமராயிஸ், ஜோயலிண்டன் என்று மூன்று எஞ்சின்கள். 19 நிமிடத்தில் 2-0. நியூகாசில்காரர்கள் நடுக்களத்தில் காலை நடைக்கு வந்தவர்கள் மாதிரி சாவகாசமாக வந்து போனார்கள். அமோரிம் 33ஆவது நிமிடத்தில் ஆளை மாற்றினார். வெளியே வந்தவர் யார் தெரியுமா? முன்களத்தில் நின்ற சிர்க்ஸே. உள்ளே போனவர் நடுக்கள வீரர் மைனூ. நடுவில் ஓட்டை, அதை அடைக்க முன்னாலிருந்து ஆளைப் பிடுங்க வேண்டிய நிலை. சொந்த ரசிகர்களே சிர்க்ஸே வெளியேறியதற்குக் கைதட்டினார்கள், அவர் நேராகச் சுரங்கப்பாதைக்குள் போய்விட்டார். அப்புறம் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார் என்பது வேறு விஷயம். அன்றைய ஆட்டத்தில் அவர் செய்த தப்பு என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 5, ஆன்ஃபீல்ட். சாம்பியனாகப் போகிற லிவர்பூல். யாருக்கும் ஒரு புள்ளி நம்பிக்கைகூட இல்லை. ஆனால் உகார்டேவும் மைனூவும் நடுவில், புரூனோ அவர்களுக்கு முன்னால், ஸ்ட்ரைக்கருக்குச் சற்றுப் பின்னாலுள்ள பத்தாம் நம்பர் இடத்தில், பக்கத்தில் அமாத். முன்னே அதே ஹொய்லுண்ட். 2-2. முதல் கோல் புரூனோ கொடுத்த பந்தில் லிசாண்ட்ரோ மார்ட்டினஸ் அடித்தது, இரண்டாவது அமாத். ஆறு நாளில் ஸ்ட்ரைக்கர் தரமா கூடிவிட்டது? நடுவில் ஓடுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள், பந்தைத் திறந்துவிடத் தெரிந்தவர் சரியான இடத்தில் நின்றார். அவ்வளவுதான்.

அமோரிமின் 3-4-2-1 பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் பார்ப்பவர்களுக்காக. பின்னால் மூன்று பேர். இரண்டு ஓரங்களிலும் விங்பேக்குகள், மைதானத்தின் அகலம் அவர்கள் பொறுப்பு. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இரண்டு பத்தாம் நம்பர்கள், இவர்கள் ஓரத்துக்குப் போகாமல் உள்ளே ஒடுங்கி நிற்பார்கள். எதிரணியின் பக்கவாட்டு டிஃபெண்டர் விங்பேக்கைப் பார்ப்பதா, உள்ளே நிற்பவரைப் பார்ப்பதா என்று குழம்ப வேண்டும். அந்த ஒரு நொடிக் குழப்பம்தான் இந்தத் தாக்குதலின் உயிர். ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் இதை வைத்து 2021லும் 2024லும் போர்ச்சுகல் லீக்கை வென்றார். 2024 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று துவைத்ததும் இதே அமைப்பில்தான், ஸ்ட்ரைக்கர் யோக்கெரெஸ் மூன்று கோல் அடித்தார்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நடுவில் இரண்டே பேர். எதிரணி மூன்று பேரை வைத்தால் எப்போதும் ஒருவர் கூடுதல். அந்த இரண்டு பேரும் சாதாரண ஆட்களாக இருக்க முடியாது. ஸ்போர்ட்டிங்கில் யோக்கெரெஸ் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், நடுவில் உழைத்த ஹியுல்மாண்டையும் மொரிட்டாவையும் யார் சொல்கிறார்கள்? குன்யாவும் உல்வ்ஸில் இதே அமைப்பில்தான் ஜொலித்தார், விட்டோர் பெரேராவின் கீழ். அவருக்குப் பின்னால் ஜோவாவ் கோமெஸும் ஆண்ட்ரேவும் இருந்தார்கள், இருவருமே மூச்சு வாங்காமல் ஓடி பந்தைப் பறிக்கிறவர்கள். நாம் குன்யாவை மட்டும் வாங்கி வந்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் மூன்று டிஃபெண்டர் அமைப்பு எடுபடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2016இல் கோன்டே பயிற்சியாளராக செல்சிக்கு வந்தபோது அவர்கள் முந்தைய சீசனில் 10ஆவது இடத்தில் முடித்திருந்தார்கள், ஐரோப்பியப் போட்டியும் கிடையாது. இன்று நம் நிலைமை எப்படியோ அப்படியே. செப்டம்பரில் அர்செனலிடம் 3-0 வாங்கியதும் 3-4-3க்கு மாறினார். வரிசையாக 13 வெற்றி, சீசன் முடிவில் கோப்பை. ஹசார்டும் கோஸ்டாவும் அடித்த கோல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்தக் கோடையில் அவர்கள் லெஸ்டரிலிருந்து வாங்கியது யாரை? நடுக்கள வீரர் காண்டேவை. மாட்டிச் பக்கத்தில் காண்டே நின்றதால்தான் முன்னாலிருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் ஆட முடிந்தது.

நம் கதையில் பந்தி விரித்து, இலை போட்டு, விருந்தாளிகளை உட்காரவைத்தாச்சு. பரிமாற ஆள் இல்லை. இருக்கிற ஒரே ஆள் புரூனோ. அவரையும் சமையல்கட்டுக்குள் அனுப்பப் போகிறார்கள் போலிருக்கிறது.

ஏனென்றால் குன்யா இடது பத்து, எம்பியூமோ வலது பத்து என்றால் புரூனோ எங்கே? கசெமிரோவுக்குப் பக்கத்தில், நடு இரட்டையரில் ஒருவராக. கோடை ஆட்டங்களில் பார்த்தது அப்படித்தான் இருந்தது. கடந்த சீசன் என்ற சாக்கடையில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 19 கோல் அடித்த மனிதர். சவுதியிலிருந்து அல் ஹிலால் பெரும் பணத்தோடு வந்தபோதும் வேண்டாம் என்று இங்கேயே இருந்தவர். அவரைக் கோலிலிருந்து 40 கஜம் பின்னால் தள்ளி, எதிரணி நடுக்கள வீரனைத் துரத்திக்கொண்டு ஓடச் சொல்வது என்ன தாக்குதல் வியூகம்? அங்கிருந்து அவர் நீளமாக அடிக்கிற பாஸ்கள் அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பந்து கைமாறிய அடுத்த நொடி என்ன ஆகும்? அவர் ஒரு ஆளைத் தவறவிட்டால் பின்னால் கசெமிரோ, வயது 33, தனியாக.

என்னைக் கேட்டால் முதல் இரண்டு மாதத்துக்கு ஷெஷ்கோவைப் பெஞ்சில் உட்காரவைப்பேன். கல்லெறிய வேண்டாம், காரணம் சொல்கிறேன். வயது 22, புது நாடு, அணியோடு முழுமையாகப் பயிற்சிகூட எடுக்கவில்லை. குன்யாவை ஒன்பதாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கர் இடத்தில் ஆடவிடலாம். அவர் கீழே இறங்கி வந்து பந்தை வாங்கித் திரும்பக்கூடியவர். வலது பக்கம் எம்பியூமோ, இடது பக்கம் புரூனோ. நடுவில் உகார்டேவும் மைனூவும், அந்த ஆன்ஃபீல்ட் ஜோடி. கடைசி அரைமணி நேரத்தில் எதிரணி டிஃபெண்டர்கள் களைத்த பிறகு 195 சென்டிமீட்டர் உயரமும் குதிரை வேகமும் உள்ள ஷெஷ்கோவை இறக்கினால் அவர்கள் கதி என்ன? 66 மில்லியன் கொடுத்து பெஞ்சிலா என்பார்கள். விலைச்சீட்டைப் பார்த்து ஆள் இறக்கித்தானே ஆன்டனியிடமும் சாஞ்சோவிடமும் மாட்டிக்கொண்டோம்.

விங்பேக் விஷயத்தில் மட்டும் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்கப் பயணத்தில் போர்ன்மவுத்தை 4-1 என்று அடித்த ஆட்டத்தில் விங்பேக் டோர்குவும் கோல் அடித்தார், இன்னொரு ஓரத்தில் ஆடிய அமாதும் கோல் அடித்தார். ஹொய்லுண்ட் தலையால் முட்டிய கோலுக்கு கிராஸ் போட்டதும் டோர்குதான். இரண்டு பக்கத்திலிருந்தும் பெட்டிக்குள் ஆள் வருகிறது என்றால் கடந்த சீசனில் பார்க்காத காட்சி அது. நட்பு ஆட்டம்தான், இருந்தாலும் ஓடிய தடம் சரியாக இருந்தது. அமாதை அங்கே வைத்தால் பின்னால் இடம் திறக்கும் என்ற பயம் நியாயமானது, அதையும் தாண்டி அவரை ஆட வைக்க வேண்டும். சவுத்தாம்டனுக்கு எதிராகக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கோல் போட்டவரை வெளியே உட்கார வைக்க மனசு வருமா?

இன்னொரு நல்ல விஷயம், ஐரோப்பியப் போட்டிகளுக்கான வியாழக்கிழமை பயணங்கள் இல்லை. வாரம் முழுக்கப் பயிற்சி. அமோரிம் நவம்பரில் வந்ததிலிருந்து அவருக்குக் கிடைக்காத ஒன்று இது. வந்த நாளிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று ஓடியதில் எதைக் கற்றுக்கொடுத்திருப்பார்? ஏப்ரலில் லியோனுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கியபோது செண்டர்பேக் மேக்வயரைத்தான் ஸ்ட்ரைக்கராக முன்னால் அனுப்பினார். 121ஆவது நிமிடத்தில் அவர் தலையால் முட்டி 5-4. அந்த இரவு மறக்காது. ஆனால் உற்சாகம் வடிந்த பிறகு யோசித்துப் பாருங்கள், அதுதான் அன்று நம் கையில் இருந்த தாக்குதல் திட்டம்.

கிளப்பின் பங்குதாரர் ராட்கிளிஃப் தரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு அனுப்பி, மிச்சமிருந்தவர்களின் இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்தி, சிக்கனம் என்றார்கள். அதில் எனக்கு இன்னும் கசப்பு இருக்கிறது. ராஷ்ஃபோர்டைக் கடனாக பார்சிலோனாவுக்கு அனுப்பியதும், கார்னாச்சோ, ஆன்டனி, சாஞ்சோவைத் தனியாகப் பயிற்சி எடுக்கச் சொன்னதும் வேறு. வேண்டாதவர் யார் என்று பயிற்சியாளர் முடிவெடுத்தால் கிளப் பின்னால் நிற்க வேண்டும், இந்த முறை நின்றிருக்கிறது. ஃபெர்குசனுக்குப் பிறகு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சலுகை கிடைத்தது? மொரின்யோ கேட்ட செண்டர்பேக்கை வாங்கித் தராமல், 2018 முடிவதற்குள் அவரையே வேலையை விட்டு அனுப்பியது தெரியும்தானே.

அதனால்தான் இன்னும் ஒரு ஆள் என்று கத்துகிறேன். வாங்குவதற்கு செப்டம்பர் 1 வரை நேரமிருக்கிறது. பிரைட்டனின் நடுக்கள வீரர் பலேபாவை விசாரித்ததாகச் செய்தி வந்தது. கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் யானை விலை கேட்பார்கள். அவர் இல்லாவிட்டால் வேறு ஒருவர். பெயர் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஓடத் தெரியணும், பந்தைப் பறிக்கணும், பறித்த பந்தை இரண்டடி தள்ளி நிற்கும் புரூனோவிடம் ஒழுங்காகக் கொடுக்கணும்.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, நம்மூர் நேரம் இரவு 9 மணிக்கு அர்செனலோடு முதல் ஆட்டம். அவர்கள் பக்கம் ஒன்பதாம் இடத்தில் நிற்கப் போவது யோக்கெரெஸ், அமோரிம் வளர்த்த ஆள். ரைஸும் சுபிமெண்டியும் ஒடெகோரும் நடுவில். நம் பக்கம் கசெமிரோவும் புரூனோவும் மட்டும் என்றால், குன்யாவுக்கும் எம்பியூமோவுக்கும் பந்து எப்போதாவது வரும், வரும்போது நன்றாகத்தான் ஆடுவார்கள். அதன்பின் ஃபுல்ஹம், பர்ன்லி, சிட்டி, செல்சி. ஐந்து ஆட்டத்தில் ஏழு புள்ளி எடுத்தாலே பெரிது. சீசன் முடிவில் 60 கோலுக்கு மேல் அடிப்போம், ஏழாவது இடம். நடுக்களத்துக்கு ஆள் வந்தால் இரண்டு இடம் மேலே போட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் நவம்பரில் ஷெஷ்கோவை வைத்து மீம்ஸ் வரும், அதைப் பகிரும் ஆட்களை இப்போதே எனக்கு அடையாளம் தெரியும்.